ஆயிரம் ஆங்கிலச் சொல் மனப்பாடம், ஆனால் மெயில் எழுதும்போது ஒன்றுகூடச் சரியாக உட்காரவில்லை

டோம்பிவிலி தென்றல்:

வணக்கம். இங்கே முதல் முறையாகக் கேள்வி கேட்கிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இப்போது மும்பையில், பிகேசியில் (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்) ஒரு அலுவலகத்தில் ரிஸ்க் அறிக்கை தயாரிக்கும் வேலை.

இரண்டு வருடமாக ஆங்கிலச் சொல்வளத்துக்காக உழைக்கிறேன். டோம்பிவிலியில் ரயில் ஏறினால் குர்லா வரை பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பயணம். ஒரு கை கம்பியில், இன்னொரு கையில் போன், போனில் சொற்பட்டியல். ஆயிரத்துச் சொச்சம் சொற்களுக்கு நீங்கள் கேட்டவுடன் தமிழ் அர்த்தம் சொல்வேன்.

போன மாதம் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து சிக்கலான ஒரு கணக்கை அத்தனை எளிமையாக விளக்கினார். நன்றி மெயில் எழுதும் பொறுப்பு எனக்கு. 'சிம்பிள்' என்று போட்டால் சின்னப் பிள்ளை எழுதியது போல இருக்குமே என்று 'சிம்ப்ளிஸ்டிக்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, "விஷயத்தின் ஆழம் தெரியாமல் மேம்போக்காகப் பேசினார் என்று அவரைக் குறை சொல்லியிருக்கிறாய்" என்றார். அன்று இரவு தூக்கமே இல்லை.

பட்டியலில் அந்தச் சொல்லுக்கு 'எளிமையான' என்றுதான் இருந்தது. நான் எங்கே தவறுகிறேன்? இன்னும் ஆயிரம் சொல் படிக்க வேண்டுமா, அல்லது படிக்கும் முறையே தப்பா?

மாட்டுங்கா மாணவன்:

அக்கா, பட்டியலைக் கைவிட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்குத் தயாராகிறேன். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் பழைய சொற்பட்டியல் புத்தகம் ஒன்றை வாங்கி அட்டையாக மாற்றி, ஆங்கி செயலியில் ஏற்றினேன். தினம் முப்பது சொல். மறக்கிற நேரம் பார்த்து செயலி திரும்பக் கேட்கும். படித்ததை மனம் எவ்வளவு வேகமாக இழக்கிறது என்று உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே தன் நினைவை வைத்தே அளந்து காட்டிவிட்டார், அந்த அடிப்படையில்தான் இது ஓடுகிறது. உங்கள் பட்டியலில் தவறான அர்த்தம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். நல்ல பட்டியலுக்கு மாறுங்கள்.

செம்பூர் சுந்தரம்:

அம்மா தென்றல், உங்கள் கேள்வியைப் படித்ததும் பழைய நாட்கள் ஞாபகம் வந்துவிட்டன. 1974-ல் டைப்பிங், சுருக்கெழுத்து இரண்டிலும் ஹையர் முடித்துவிட்டு கும்பகோணத்திலிருந்து பம்பாய் வந்தேன். மாட்டுங்காவில் ஒரு அறையில் ஐந்து பேர். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் வேலை. முப்பத்தாறு வருடம் கடிதம்தான் என் பிழைப்பு.

தம்பி சொல்வதுபோல இது பட்டியலின் குறை மட்டுமில்லை. 'எளிமையான' என்பதுகூட ஒரு ஓரத்தில் சரிதான், முழுப் பொய் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் என்று எதிரெதிரே எழுதி வைக்கும்போதே பாதி விஷயம் கொட்டிப்போய்விடுகிறது. அந்தச் சொல் யாரோடு பழகும், யாரோடு பழகாது என்பது அந்தப் பாதியில் இருக்கிறது.

தமிழிலேயே பாருங்கள். 'கும்மிருட்டு' என்கிறோம், 'கும்வெளிச்சம்' என்று யாராவது சொல்வார்களா? 'விபத்து நேர்ந்தது' என்போம். 'என் தங்கைக்குத் திருமணம் நேர்ந்தது' என்றால் பாட்டி அடிக்க வருவாள். இலக்கணப்படி அதில் தப்பே கிடையாது. 'நேர்ந்தது' என்ற சொல் கெட்டதோடுதான் அதிகம் நடமாடும், அதனால் நல்ல காரியத்தின் பக்கத்தில் வைத்தால் அதன் நிழல் விழுகிறது. இதை நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கேட்டுக்கேட்டே வந்தது.

ஆங்கிலத்தில் 'காஸ்' அப்படித்தான். டேமேஜ், டிலே, ப்ராப்ளம், கன்ஃப்யூஷன், இவைதான் அதன் கூட்டாளிகள். "யூ காஸ்ட் அவர் சக்சஸ்" என்று எழுதினால் வெற்றியையே ஏதோ குற்றம்போலச் சொன்னதாகிவிடும். நம் ஊரில் கடக் சாய் கேட்கிறோம், ஆங்கிலத்தில் அது 'ஸ்ட்ராங் டீ'. 'பவர்ஃபுல் டீ' என்றால் அர்த்தம் புரியும், ஆனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. மழைக்கு 'ஸ்ட்ராங்' போட்டால் காதில் உறுத்தும்.

ஒரு சொல்லை அதன் சேர்க்கையைக் கொண்டு அறியலாம் என்று 1957-ல் எழுதிய ஜே.ஆர். ஃபர்த் என்ற மொழியியலாளர் 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அவர் பெயரெல்லாம் எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும். நான் கற்றது கார்பன் நகல்களில். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழைய ஃபைல்களை எடுத்து, சீனியர்கள் எழுதிய கடிதங்களைப் படிப்பேன். சொல்லைத் தனியாக எடுக்க மாட்டேன், அதன் இடப்பக்கத்துச் சொல்லையும் வலப்பக்கத்துச் சொல்லையும் சேர்த்து நோட்டில் எழுதுவேன். 'ரீச்' எழுதினால் 'ரீச் அன் அக்ரிமென்ட்'. 'ரெய்ஸ்' எழுதினால் 'ரெய்ஸ் அன் அப்ஜெக்‌ஷன்'. அந்த நோட்டு இன்றும் பீரோவில் இருக்கிறது.

நீங்கள் ரிஸ்க் வேலை பார்ப்பவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். 'மிட்டிகேட்', 'அலெவியேட்' இரண்டுக்கும் உங்கள் பட்டியலில் 'தணிப்பது' என்றுதான் போட்டிருப்பார்கள், சரியா? 'மிட்டிகேட்' பெரும்பாலும் ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட் இவற்றோடு வரும், வரப்போகும் கேட்டின் கடுமையைக் குறைப்பது. 'அலெவியேட்' வலி, வறுமை, துன்பம் இவற்றோடு வரும், ஏற்கெனவே அனுபவித்துக்கொண்டிருக்கும் பாரத்தை இலகுவாக்குவது. தமிழ் அர்த்தம் ஒன்று, இரண்டுக்கும் பழக்கவழக்கம் வேறு.

மாட்டுங்கா மாணவன்:

சார், நீங்கள் சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் முப்பத்தாறு வருடம் ஃபைல் படிக்க எனக்கு நேரமில்லை. தேர்வுக்கு நான்கு மாதம்தான். சொல்லே தெரியாமல் அதன் சேர்க்கை எப்படித் தெரியும்? முதலில் எண்ணிக்கை வேண்டாமா?

தாராவி டீச்சர்:

தம்பியின் கேள்வி நியாயமானது, அதனால் எண்ணிக்கையிலேயே பேசுகிறேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தக் கணக்கு எனக்கு அன்றாடத் தேவை.

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், அங்கே பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கத் திணறுவதைப் பார்த்து, எந்தச் சொல்லை முதலில் கற்பிப்பது என்ற கேள்வியில் இறங்கினார். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்கள். சாதாரணமான ஒரு பக்கத்தில் பத்தில் எட்டுச் சொல் அதற்குள் அடங்கிவிடும். 2000-ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் கல்வி எழுத்துக்கென்று 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). பாடநூல், ஆய்வுக் கட்டுரைகளில் இன்னொரு பத்து சதவீதம் அதில் வந்துவிடும். நாவலும் செய்தித்தாளும் துணையில்லாமல் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டார்.

இதில் நான் பார்ப்பது இதுதான்: அந்த 570 சொற்களை முழுதாகக் கைவசப்படுத்தாமலே பலர் அரிதான சொற்களுக்குத் தாவிவிடுகிறோம். 'சிக்னிஃபிகன்ட்', 'கான்ஸ்டிட்யூட்', 'இம்ப்ளை', 'அட்ரிப்யூட்' இவையெல்லாம் தெரியும் என்று நினைப்போம். 'இம்ப்ளை', 'இன்ஃபர்' வித்தியாசம் கேட்டால் தடுமாறுவோம். சொல்பவர் 'இம்ப்ளை' செய்கிறார், அதாவது குறிப்பாக உணர்த்துகிறார்; கேட்பவர் 'இன்ஃபர்' செய்கிறார், அதாவது ஊகித்துக்கொள்கிறார். உயர்நிலைச் சொல்வளம் என்றால் எனக்கு இந்த நடுத்தளம்தான். அலுவலகத்தில் சோறு போடுவதும் இதுதான்.

தம்பிக்கு இன்னொன்று. ஜிஆர்இ-யில் எதிர்ச்சொல் கேள்விகளும் ஒப்புமைக் கேள்விகளும் 2011 ஆகஸ்டோடு போய்விட்டன. நீங்கள் நடைபாதையில் வாங்கிய புத்தகம் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். இப்போது சொல்லுக்காகக் கேட்பதெல்லாம் வாக்கியத்தில் விட்ட இடத்தை நிரப்புவதுதான், அதில் முன்னும் பின்னும் உள்ள சொற்கள்தான் விடையைச் சொல்லும். சார் சொன்ன சேர்க்கையைத்தான் தேர்வும் கேட்கிறது.

மாட்டுங்கா மாணவன்:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் டீச்சர். 2007 பதிப்பு. ஏழு மாதம் இதை வைத்துத்தான் படித்திருக்கிறேன். மனசு கொஞ்சம் பாரமாகிவிட்டது.

செம்பூர் சுந்தரம்:

படித்தது வீண்போகாது தம்பி. சொல்லின் முகம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இனிப் பழக வேண்டியதுதான். உங்கள் செயலியும் நல்ல கருவி, எனக்கு அந்தக் காலத்தில் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். அட்டையில் எழுதுவதை மட்டும் மாற்றுங்கள். முன்பக்கம் ஒரு முழு வாக்கியம், அதில் அந்தச் சொல் இருக்க வேண்டிய இடம் காலி. பின்பக்கம் சொல்லும், நீங்களே எழுதிய இன்னொரு வாக்கியமும். முப்பது வேண்டாம், நாளுக்கு ஏழெட்டு போதும்.

தென்றலுக்கும் ஒரு வேண்டுகோள். ஆங்கில-ஆங்கில அகராதிக்கு மாறுங்கள், அதிலும் கற்பவர்களுக்கென்று செய்த அகராதி. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987-ல் வந்த கோபில்ட் அகராதியில் பொருளை முழு வாக்கியமாகவே சொல்வார்கள், அந்தச் சொல் யார் வாயில், எந்தச் சூழலில் வரும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

டோம்பிவிலி தென்றல்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. சார் சொன்னதை நேற்று மாலை திரும்பும்போது செய்து பார்த்தேன். எங்கள் அலுவலகத்தின் பழைய அறிக்கை ஒன்றை எடுத்து 'எக்ஸாசர்பேட்' எங்கெல்லாம் வருகிறது என்று தேடினேன். நான்கு இடம், நான்கிலும் பக்கத்தில் கெட்ட விஷயம்தான்: பற்றாக்குறை, நெருக்கடி, இழப்பு, திரும்பவும் பற்றாக்குறை. பட்டியலில் அதற்கு 'அதிகப்படுத்து' என்று இருந்தது. அதை நம்பி 'விற்பனையை எக்ஸாசர்பேட் செய்தோம்' என்று எழுதியிருப்பேன்.

இப்போது வேறு ஒரு பயம். 'சிம்பிள்', 'யூஸ்', 'ஆஸ்க்' என்று எழுதும்போது இவள் தமிழ் மீடியம் என்று தெரிந்துவிடுமோ என்று கை நிற்கிறது. 'யூட்டிலைஸ்', 'என்குவயர்' என்று மாற்றிவிடுகிறேன். இது சரியா?

தாராவி டீச்சர்:

இந்தப் பயம் என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது, எனக்கும் இருந்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

'கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தேன்' என்கிறோம். பத்திரிகையில் 'திருமண அழைப்பிதழ்' என்று அச்சடிக்கிறோம். சில வீட்டுப் பத்திரிகையில் 'விவாக சுபமுகூர்த்தம்' என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான். ஆனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் 'உங்கள் மகளின் விவாகம் எப்போது?' என்று கேட்க மாட்டீர்கள். பேசுகிற தமிழ் வேறு, எழுதுகிற தமிழ் வேறு என்று இரண்டு வயதிலிருந்து இரண்டு தளத்தில் நடமாடுகிறவர்கள் நாம். எங்கே எதைப் போட வேண்டும் என்ற நுட்பம் நம் கையிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இதே அடுக்குகள். 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, வயலிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலம், கோயிலிலும் படிப்பிலும் லத்தீன். அதனால்தான் ஒரே காரியத்துக்கு மூன்று சொல். 'ஆஸ்க்' வீட்டுச் சொல், 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டராகேட்' லத்தீன். தோழியிடம் 'ஆஸ்க்' செய்வோம், சாட்சியை 'கொஸ்டின்' செய்வார்கள், 'இன்டராகேட்' செய்வது போலீஸ். 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' அதே வரிசை. இங்கே மேலடுக்குச் சொல் உயர்ந்தது, கீழடுக்குச் சொல் தாழ்ந்தது என்று ஒன்றுமில்லை.

'யூஸ்' போதுமான இடத்தில் 'யூட்டிலைஸ்' போட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் விவாகம் விசாரித்த மாதிரிதான். தமிழ் மீடியம் என்பதை மறைக்க வேண்டாம் தென்றல். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் வந்த காதைத்தான் இப்போது பயன்படுத்தப் போகிறீர்கள்.

காட்கோபர் கணேசன்:

எல்லோரும் எழுத்தையே பேசுகிறீர்கள், உச்சரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதியபடியே படிக்கிற மொழியிலிருந்து வந்தவர்கள் நாம், அதனால் கண்ணால் கற்ற சொல் மீட்டிங்கில் காலை வாரிவிடும். 'எபிடோம்' இல்லை, எபிடமி. 'ஹைபர்போல்' இல்லை, ஹைபர்பலி. குற்றம் சாட்டுவதற்கு 'இண்டிக்ட்' இல்லை, இண்டைட். அந்தச் சொல்லில் வரும் சி எழுத்தும், 'டெட்' என்ற கடனில் வரும் பி எழுத்தும் பிற்காலத்தில் லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பண்டிதர்கள் செருகியவை, வாயில் அவை வந்ததே இல்லை. அகராதியில் ஒலிபெருக்கிப் பொத்தான் இருக்கிறது, ஒவ்வொரு புதிய சொல்லுக்கும் ஒரு தடவை அழுத்திக் கேளுங்கள்.

மாட்டுங்கா மாணவன்:

வேர்ச்சொல் வழியாகப் படிப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள்? எனக்கு அதுதான் மனதில் தங்குகிறது. 'லோக்' என்றால் பேச்சு, அதிலிருந்து எலொக்வென்ட், லொக்வேஷியஸ், கொலோக்வியல், வென்ட்ரிலோக்விஸ்ட்.

செம்பூர் சுந்தரம்:

நல்ல வழி தம்பி. எனக்குப் பிடித்தது 'கேண்டிடேட்'. பழைய ரோமில் பதவிக்கு நிற்பவர்கள் சுண்ணப்பொடியால் வெளுத்த வெள்ளை அங்கி அணிந்து மக்களைப் பார்க்க வருவார்கள். வெள்ளையைக் குறிக்கும் 'கேண்டிடஸ்' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் கேண்டிடேட். நம் ஊர் வேட்பாளரும் வெள்ளை வேட்டி சட்டையில்தானே வருகிறார். ஒளிவுமறைவில்லாத பேச்சுக்கு 'கேண்டிட்' என்பதும் அதே வேர்.

ஆனால் வேரை வைத்து அர்த்தம் ஊகிப்பதில் ஆபத்தும் உண்டு. 'இன்' முன்னால் வந்தால் எதிர்மறை என்று நினைத்தால் 'இன்வேல்யுவபிள்' மதிப்பற்றது ஆகிவிடும், உண்மையில் அது விலைமதிப்பற்றது. 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதிய டேங்கர் பக்கத்தில் பீடி பற்றவைத்தால் உயிர் போகும். தெரிந்த சொல்லை மறக்காமல் இருக்க வேர் உதவும். தெரியாத சொல்லுக்கு அகராதிதான்.

தாராவி டீச்சர்:

வேர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனதும், சுருட்டு 'செரூட்' ஆனதும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனதும், 2016-ல் நம் 'ஐயோ' ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ஏறியதும் பிள்ளைகளுக்குச் சொன்னால் முகம் மலர்ந்துவிடும். அதே வரிசையில் 'பரையா' என்ற சொல்லும் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட நாடு என்று சொல்ல 'பரையா ஸ்டேட்' என்று செய்திகளில் சாதாரணமாக எழுதுகிறார்கள், உயர்நிலைச் சொற்பட்டியல்கள் பலவற்றிலும் அது உண்டு. அது தமிழ்நாட்டின் ஒரு சமூகத்தின் பெயர். என் வகுப்பில் அந்தச் சமூகத்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். படிக்கும்போது பொருள் தெரிய வேண்டும், அதனால் சொல்லித்தருகிறேன். எழுதும்போது 'அவுட்காஸ்ட்', 'ஐசொலேட்டட்' என்று எழுதச் சொல்கிறேன்.

டோம்பிவிலி தென்றல்:

டீச்சர், நான் அதை மனப்பாடம் செய்திருந்தேன். எங்கிருந்து வந்தது என்று இன்றுதான் தெரிகிறது. என் நோட்டில் பக்கத்திலேயே குறித்துவிட்டேன்.

டோம்பிவிலி தென்றல்:

மூன்று வாரம் ஆயிற்று, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இப்போது நாளுக்கு ஆறு சொல்தான். இரண்டு அலுவலக அறிக்கையிலிருந்து, நான்கு காலைச் செய்தித்தாளின் தலையங்கத்திலிருந்து. காலையில் கூட்டத்தில் அட்டை மட்டும் பார்க்கிறேன், மாலையில் உட்கார இடம் கிடைக்கிற அன்று வாக்கியம் எழுதுகிறேன். பழைய ஆயிரத்தில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில், இதுவரை பார்த்த நூறில் நாற்பது சொல்லுக்குக்கூடக் கூட்டாளி தெரியவில்லை.

நேற்று மாத அறிக்கையில் 'சப்ஸ்டான்ஷியல் ரிஸ்க்' என்று எழுதினேன். மேலாளர் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றி 'மெட்டீரியல் ரிஸ்க்' என்று போட்டார், மற்ற பத்தி அப்படியே போனது. ஆனால் சார், 'மெட்டீரியல்' என்றால் துணி, சிமென்ட் மாதிரிப் பொருள்தானே? இது எப்படி ரிஸ்கோடு சேர்ந்தது?

செம்பூர் சுந்தரம்:

அம்மா, மிகவும் சந்தோஷம். ஆடிட்டர்கள் சொல்லும் 'மெட்டீரியல்' அது. ஒரு தகவலைத் தப்பாகச் சொன்னாலோ விட்டுவிட்டாலோ அறிக்கையைப் படிப்பவரின் முடிவு மாறக்கூடும் என்றால் அது 'மெட்டீரியல்'. மிஸ்ஸ்டேட்மென்ட், இன்ஃபர்மேஷன், சேஞ்ச், ரிஸ்க் இவற்றோடு வரும். 'சப்ஸ்டான்ஷியல்' அளவைச் சொல்கிறது, 'மெட்டீரியல்' அது முடிவைத் தொடுகிறதா என்று சொல்கிறது. உங்கள் மேலாளர் சரியாகத்தான் மாற்றியிருக்கிறார்.

துணிக்கும் ரிஸ்குக்கும் என்ன உறவு என்று கேட்டீர்கள். தமிழில் 'பொருள்' என்கிறோம். அது கையில் எடுக்கும் சாமானும்தான், சொல்லின் அர்த்தமும்தான். முக்கியமில்லை என்பதற்கு 'அதை நான் பொருட்படுத்தவில்லை' என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த முக்கியமில்லாததுதான் 'இம்மெட்டீரியல்'.

டோம்பிவிலி தென்றல்:

பொருட்படுத்து! எழுதிக்கொண்டேன் சார். ரயில் தானே ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது, டோம்பிவிலியில் இறங்குவதற்குள் ஒரு வாக்கியம் எழுதி அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.